புகை டெஸ்டில் பழைய கார் தேறவில்லையா? முதலில் சீட்டைப் படியுங்கள்

பழைய பெட்ரோல் கார் புகைப் பரிசோதனையில் தேறாவிட்டால், பாதி பதில் டெஸ்ட் மையத்தில் கொடுத்த சீட்டிலேயே இருக்கிறது. பி.எஸ். 3 (பாரத் ஸ்டேஜ் 3 என்ற புகை விதிப்படி தயாரான) கார் என்றால் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம்மையும் (பத்து லட்சத்தில் 750 பங்கு) தாண்டக் கூடாது.

கார்பன் மோனாக்சைடு மட்டும் எகிறியிருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். திசையன்விளை, இட்டமொழி பக்கம் ஓடும் வண்டி என்றால் மடிப்புக்குள் தேரிச் செம்மண் அப்பிக் கிடக்கும். தட்டிப் போட்டு ஒப்பேற்றாதீர்கள், மாற்றிவிடுங்கள். ஃபில்டர் சுத்தமா? சரி, அடுத்து, புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைப் பாருங்கள். கார்புரேட்டர் வண்டியில் சோக்கைப் பாருங்கள்.

ஹைட்ரோகார்பன் மட்டும் கூடினால் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் சின்னச் செலவுதான். எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் எஞ்சின் ஆயில் உள்ளே கசிகிறது, அது பெரிய வேலை. அப்புறம் பிளக் வயர், வேக்குவம் குழாயில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டுமே கூடினால் புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மேல் சந்தேகம் வரும். விலை கேட்கும் முன் ஒன்று செய்யுங்கள். சூடேறாமல் கன்வெர்ட்டர் வேலை செய்யாது. பாளையங்கோட்டையிலிருந்து நாலுவழிச் சாலையில் கங்கைகொண்டான் வரை ஓட்டிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் நேராக டெஸ்டுக்குப் போங்கள்.