குழாய்மேல் சுண்ணாம்புப் பூச்சு வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள், யூரியாவை உடைக்கும் யூரியேஸ் நொதியை வைத்து, ஹாலோசைட் என்ற களிமண் கனிமத்தின் நானோகுழாய்மேல் கால்சியம் கார்பனேட் (சுண்ணாம்பு) வளர்க்கும்போது, ஒரு காலத்தில் நான் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். எடை பார்ப்பது, பிஎச் மீட்டரைச் சரிபார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

மிச்ச நொதியை அலசாமல் விடுவது

என் நாலு மாதத்தைத் தின்றது இதுதான். நொதிக் கரைசலில் குழாயைக் கலந்தேன், ஒரே ஒரு தடவை சென்ட்ரிஃபியூஜில் சுற்றினேன், யூரியாவையும் கால்சியம் குளோரைடையும் ஊற்றினேன். வெள்ளையாகத் திரண்டது. எக்ஸ்ஆர்டியில் (எந்தப் படிகம் இருக்கிறது என்று எக்ஸ்ரே வைத்துப் பார்க்கும் சோதனை) ஹாலோசைட் பீக்கும் இருந்தது, கால்சியம் கார்பனேட்டின் படிக வடிவமான கால்சைட்டின் பீக்கும் இருந்தது, பூச்சு வந்துவிட்டது என்று வழிகாட்டியிடம் சொல்லியும்விட்டேன். எஸ்ஈஎம்மில் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) பார்த்தால், சில மைக்ரான் அளவுக்குச் சாய்சதுரக் கட்டிகள் தனியாக உட்கார்ந்திருக்கின்றன, பக்கத்தில் 50 நானோமீட்டர் குழாய்கள் மொட்டையாகக் கிடக்கின்றன. ஒட்டாத நொதி கரைசல் முழுக்க யூரியாவை உடைத்து அம்மோனியாவும் கார்பனேட்டும் ஆக்கிக்கொண்டிருக்கும்போது, படிகம் குழாயைத் தேடி ஏன் போக வேண்டும்? இரண்டும் இருக்கின்றன என்பதைத்தான் எக்ஸ்ஆர்டி சொல்லும், ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கிறதா என்று சொல்லாது. அதை மட்டும் காட்டிப் பூச்சு என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

பஃபர் (பிஎச்சை மாறவிடாத கரைசல்) இல்லாத தண்ணீரில் அலசுங்கள். கடைசி அலசலில் ஒரு மில்லி எடுத்து, யூரியாவும் பிஎச் ஏறினால் நிறம் மாறும் சாயமான ஃபீனால் ரெட் ஒரு சொட்டும் விட்டு அரை மணி வையுங்கள். மஞ்சள் ரோஸாக மாறினால் நொதி இன்னும் கசிகிறது, திரும்ப அலசுங்கள். அதே சோதனையை அலசிய நானோகுழாயிலும் செய்யுங்கள், அங்கே ரோஸ் வந்தே ஆக வேண்டும்.

நொதி எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காதது

ஹாலோசைட்டுக்கு வெளியே சிலிக்கா, உள்ளே அலுமினா. நடுநிலை பிஎச்சில் வெளிப்பக்கம் எதிர்மின், உள்பக்கம் நேர்மின். யூரியேஸும் அப்போது எதிர்மின்தான், அதனால் அது உள்ளே போகப் பார்க்கும். 2005இல் ஷ்சுகின், ல்வோவ் குழுவினர் குழாயின் உள்ளேயே கார்பனேட் வளர்த்தார்கள். உங்களுக்கு வேண்டியது வெளிப்பூச்சு என்றால், முதலில் பாலிஎத்திலீன் இமைன் மாதிரி நேர்மின் பாலிமர் ஒரு படலம், அப்புறம் நொதி. வாக்குவம் போட்டு உறிஞ்ச வைக்காதீர்கள், நொதி குழாய்க்கு உள்ளே போய்விடும்.

பாஸ்பேட் பஃபர்

வேண்டாம். கால்சியம் அதோடு சேர்ந்து படிந்துவிடும்.

சோனிகேஷன்

குழாய்களைப் பிரிக்க ஒலி அலையால் அதிரவைப்பது நொதி சேர்ப்பதற்கு முன்னால் மட்டும்.

ஈரத்தில் விட்டுப் போவது

முதலில் படிவது பெரும்பாலும் உருவமற்ற கார்பனேட். ஈரத்தில் கிடந்தால் அது கரைந்து கால்சைட்டாகத் திரும்பப் படியும். அதனால் எடுத்த கையோடு எத்தனாலில் அலசிக் காயவையுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல பூச்சு ஒன்றைத் தண்ணீரிலேயே விட்டுப் போனேன், திங்கட்கிழமை எஸ்ஈஎம்மில் மறுபடியும் அதே சாய்சதுரக் கட்டிகள்.