ஐசி பையைப் பிரித்ததுமே நேரத்தை எழுதிவிடுங்கள்

ஈரத்தடுப்புப் பையில் வரும் ஐசி சிப்பைப் பிரித்த கையோடு தேதியையும் மணியையும் மார்க்கரால் பையின் மேலேயே எழுதிவிடுங்கள். எம்எஸ்எல் 3 (ஈரத்தால் எவ்வளவு பாதிக்கப்படும் என்ற நிலை எண்) என்று போட்டிருந்தால் 168 மணி நேரத்துக்குள் ரீஃப்ளோ, அதாவது போர்டையே சூடாக்கிப் பாகங்களைப் பற்றவைக்கும் வேலை, முடிய வேண்டும், ஆனால் அந்தக் கணக்கு 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் வரைக்கும்தான். அம்பத்தூரில் ஏசி இல்லாத ஷெட்டில், அதுவும் ஐப்பசி மழையில், அது செல்லவே செல்லாது. பிளாஸ்டிக் உறிஞ்சிய ஈரம் ரீஃப்ளோ சூட்டில் ஆவியாகி ஐசிக்குள்ளேயே விரிசல் விடலாம். அப்படிப்பட்ட போர்டு டெஸ்ட்டில் பாஸாகி, மாதங்கள் கழித்து நோயாளியின் படுக்கையோரம் இருக்கும் மானிட்டரில் பழுதாகலாம், அதைத்தான் எப்படியாவது தடுக்கணும். நேரம் எழுதியிருந்தால் எதை பேக் (bake) செய்வது, அதாவது ஓவனில் சூடாக்கி ஈரத்தைப் போக்குவது, என்று உடனே தெரியும், இல்லாவிட்டால் சந்தேகத்தில் எல்லாவற்றையும் ஓவனில் வைத்து ஒரு நாள் வீணாகும். (ஐசிகள் டேப்பில் சுற்றி வரும் சாதாரண ரீலோடு 125 டிகிரியில் வைக்காதீர்கள், டேப் தாங்காது.)

எம்எஸ்எல் 1 பாகங்களுக்கும், சால்டரிங் அயர்னால் கால்களை மட்டும் பற்றவைக்கும் வேலைக்கும் இது வேண்டாம். புரோட்டோடைப்புக்கு (மாதிரி போர்டுக்கு) சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் லூஸாக வாங்கிய ஐசி என்றால் பை எப்போது பிரித்தது என்றே தெரியாது, ரீஃப்ளோவுக்கு முன் அதை பேக் செய்துதான் ஆகணும்.