ட்ரெஸ்ல ஆம்பள பொம்பள பாக்காதீங்க, ஆனா இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

காலேஜ் முழுக்க நான் எங்கப்பாவோட பழைய சட்டையதான் போட்டு சுத்துனேன், யாரும் ஒண்ணும் சொல்லல, கெத்தா இருக்குன்னுதான் சொன்னாங்க. என் தம்பி ஒரே ஒரு நாள் என்னோட பூப்போட்ட காட்டன் குர்தாவ மாட்டிக்கிட்டு டீக்கடை வரைக்கும் போனான், அவன் திரும்பி வர்றதுக்குள்ள அம்மாவுக்கு ரெண்டு போன் வந்துடுச்சு. பொண்ணு ஆம்பள ட்ரெஸ் போட்டா ப்ரமோஷன், பையன் பொண்ணு ட்ரெஸ் போட்டா டிமோஷன், நம்ம ஆளுங்க கணக்கு இதான். பெண்கள் கிராப் வெட்டிக்கணும், ஆம்பளைங்க மாதிரி உடுத்தணும்னு பெரியார் போன நூற்றாண்டுலயே சொல்லிட்டாரு, பையன்களுக்கு அப்படி சொல்ல இன்னும் ஒருத்தரையும் காணோம்.

முதல் தப்பு, ட்ரெஸ்ஸ பாத்து ஆளையே முடிவு பண்றது. தம்பிகிட்டயும் ஒருத்தர் "நீ அப்படியாப்பா?"ன்னு இழுத்தாரு. எப்படின்னு அவருக்கே தெரியாது. ஒருத்தர் என்ன உடுத்துறாங்க, தன்னை ஆணா பெண்ணா எப்படி உணர்றாங்க, யார லவ் பண்றாங்க, இது மூணும் வேற வேற விஷயம், ஒண்ண வச்சு இன்னொண்ண கண்டுபிடிக்க முடியாது. இதுக்கு நேர் எதிரா இன்னொரு தப்பும் இருக்கு, அத பண்றது பெரும்பாலும் நம்மள மாதிரி "முற்போக்கு" பார்ட்டிங்கதான். ஒரு திருநங்கைகிட்ட போய் "துணிக்குதான் ஜென்டரே இல்லையே, நீங்க ஏன் சேலைதான் கட்டணும்னு நிக்கிறீங்க"ன்னு கேக்கறது. தம்பிக்கு அந்த குர்தா வெயிலுக்கு ஒரு சௌகரியம், அவ்வளவுதான். அவங்களுக்கு அந்த சேலை, தான் யாருன்னு சொல்ற வழி. 2014 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட், திருநங்கை திருநம்பிகளோட உரிமை பத்தின நால்சா வழக்கு தீர்ப்புல, ஒருத்தர் தன் பாலினத்த உடை மூலமா வெளிப்படுத்துறதும் கருத்துரிமைக்குள்ள வரும்னே சொல்லியிருக்கு.

அடுத்தது, "காலங்காலமா நம்ம கலாச்சாரம் இப்படித்தான்"ங்கறத அப்படியே நம்பிடறது. எந்த காலம்னு கேளுங்க. நம்ம பூட்டன்மாரு குடுமி முடிஞ்சு காதுல கடுக்கன் போட்டு திரிஞ்சவங்க. ஸ்கர்ட் போட்ட பையன பாத்து சிரிக்கிற மாமா இடுப்புல இருக்கறது மூட்டின கைலி, அத ரெண்டு ஓரமும் சேத்து தச்ச ஒரு வட்டத் துணின்னு சொன்னா அடிக்க வருவாரு. கன்னியாகுமரி பக்கம் தோள்சீலை போராட்டத்த எடுத்துக்கங்க. அப்ப அது திருவிதாங்கூர் சமஸ்தானம், நாடார் பெண்கள் மார்ப மறைக்கக் கூடாதுன்னு வச்சிருந்தாங்க, மறைச்சவங்க துணிய கிழிச்சாங்க, அடிதடி கலவரம்னு பல வருஷம் போய் கடைசியில 1859ல மறைச்சுக்கலாம்னு அரசாணை வந்துச்சு, அதுலயும் மேல்சாதி பெண்கள் போடற மாதிரி போடக் கூடாதுன்னு ஒரு கண்டிஷன். அன்னைக்கு மறைச்சா குத்தம், இன்னைக்கு துப்பட்டா இல்லன்னா குத்தம். ரெண்டுத்துக்கும் சொன்ன காரணம் ஒண்ணுதான், வழக்கம். அட வேட்டிக்கே இந்த கதி வந்துச்சே, 2014ல சென்னையில ஒரு கிளப்புல ஹைகோர்ட் ஜட்ஜையே வேட்டி கட்டி வந்தாருன்னு உள்ள விடல, அதுக்கப்புறம் தமிழ்நாடு அரசு தனியா சட்டம் போட வேண்டியதாச்சு.

சரி, கடைக்கு போறவங்களுக்கு. யூனிசெக்ஸ்னு போர்டு பாத்ததும் காச கொட்டாதீங்க, பாதி கடையில அது ஜென்ட்ஸ் டிஷர்ட்டையே தொளதொளன்னு தச்சு வச்சதுதான், நமக்கு இடுப்புல பிடிக்கும் தோள்ல தொங்கும். லேடீஸ் மீடியமும் ஜென்ட்ஸ் மீடியமும் ஒண்ணு இல்ல, லெட்டர பாக்காம போட்டு பாத்து எடுங்க. தம்பி மாதிரி பையன்கள் லேடீஸ் செக்ஷன்ல குர்தா எடுத்தா முதல்ல தோளும் ஆம்ஹோலும் பாருங்க, சைடு லூசா இருந்தா டெய்லர் பிடிச்சு குடுத்துடுவாரு, தோள் பத்தலன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. சட்டைன்னா பட்டன் எதிர் பக்கம் இருக்கும், ரெண்டு நாள் தடுமாறும், பழகிடும்.

ஒரே நாள்ல மொத்த பீரோவையும் மாத்திடறதும் வேண்டாம். ஊரு, ஆபீஸ், ராத்திரி கடைசி பஸ் இதெல்லாம் பாத்துதான் போடணும், அதுல கோழைத்தனம் ஒண்ணும் இல்ல. அதே மாதிரி நைட்டி மேல துண்டு போட்டு பால் வாங்கப் போற அம்மாவ புடிச்சு வச்சு லெக்சர் அடிக்காதீங்க, நான் அடிச்சு வாங்கி கட்டிக்கிட்டேன்.

பொண்ணுங்க பண்ற பெரிய தப்பு, சுடிதார் தைக்க குடுக்கும்போது பாக்கெட் கேக்காம விடறது. துணி வெட்டுறதுக்கு முன்னாடியே சொல்லிடணும், சைடு தையல்ல வர்ற மாதிரி, கை மணிக்கட்டு வரைக்கும் உள்ள போற ஆழத்துக்கு, உள் துணி நல்ல காட்டன்ல. ரேயான் மாதிரி மெல்லிசு துணின்னா போன் வெயிட்டுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு தொங்கும், அத தெரிஞ்சுதான் கேக்கணும். எங்க தெரு டெய்லர் முதல் தடவ "பாக்கெட் எதுக்கும்மா, அதான் ஹேண்ட்பேக் இருக்கே"ன்னாரு. இப்ப துணிய கைல வாங்கும்போதே "ஒரு பக்கமா ரெண்டு பக்கமா"ன்னு கேக்குறாரு, தம்பியோட குர்தாவுக்கும் சேத்து.