ஃபுதார்க் ஓடவில்லையா? கீழேயிருந்து பாருங்கள்

ரிச்சி தெருவில் பழைய என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் அட்டை ஒன்றை வாங்கி வந்து வேளச்சேரி வீட்டுக் கணினியில் மாட்டியதே ஃபுதார்க் என்ற நிரல் மொழியை ஓட்டிப் பார்க்கத்தான். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் உருவான மொழி. கணக்கை நாம் எழுதினால் போதும், அட்டையின் செயலியான ஜிபியுவுக்கான நிரலை அதன் கம்பைலரே பார்த்துக்கொள்ளும். பத்து நிமிட வேலை என்று உட்கார்ந்தேன், இரண்டு ராத்திரி போனது. இதில் ஃபுதார்க் மேல் ஒரு தப்பும் இல்லை, எல்லாம் அதற்குக் கீழே இருக்கும் சமாச்சாரங்கள். நான் பட்டது உபுண்டுவில்.

முதலில் ஜிபியுவை மறந்துவிட்டு, சி பேக்எண்டில் (நிரலை சி மொழியாக்கி சிபியுவிலேயே ஓட்டும் வழி) நாலு வரி நிரல் ஒன்றை கம்பைல் செய்யுங்கள். அதற்கு ஜிசிசி என்ற சி கம்பைலர் இருந்தால் போதும். அது ஓடினால் மொழி சரியாக இறங்கிவிட்டது, மீதிச் சண்டை டிரைவரோடுதான்.

அடுத்து, அட்டையின் நிலையைக் காட்டும் என்விடியா எஸ்எம்ஐ (nvidia-smi) கட்டளை. டிரைவரும் லைப்ரரியும் பொருந்தவில்லை என்று அது சொன்னால் பதற வேண்டாம். பின்னணியில் அப்டேட் ஆகி, பழைய டிரைவர் இன்னும் மெமரியில் உட்கார்ந்திருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது. டிரைவரே ஏறவில்லை என்றால் செக்யூர் பூட்டைப் பாருங்கள், நம்பகமான சாவியால் கையெழுத்திடாத டிரைவரைத் தடுக்கும் பாதுகாப்பு அது. நிறுவியபின் முதல் ரீஸ்டார்ட்டில் வரும் நீலத் திரையில் சாவியைப் பதிவு செய்யாமல் நான் என்டரைத் தட்டிவிட்டேன், முதல் ராத்திரி அதிலேயே போனது.

இரண்டாம் ராத்திரிக் கதை வேறு. அதே கட்டளை மேல் வரிசையில் ஒரு கூடா (என்விடியா ஜிபியுவில் கணக்குப் போட வைக்கும் மென்பொருள்) வெர்ஷனைக் காட்டும். டிரைவர் அதிகபட்சம் எதுவரை தாங்கும் என்பதுதான் அந்த எண். டேங்கில் 12 லிட்டர் பிடிக்கும் என்றால் உள்ளே 12 லிட்டர் பெட்ரோல் இருக்கிறது என்று அர்த்தமா? கூடா டூல்கிட், அதாவது கம்பைல் செய்யத் தேவையான கருவிகள், நிஜமாகவே இருக்கிறதா என்பதை என்விசிசி (nvcc) கட்டளையில் கேளுங்கள். நான் கேட்டேன், இல்லை. சரி, புதுசாகவே இருக்கட்டும் என்று கூடா 13-ஐ இறக்கினேன். 2025-இல் வந்த அந்த வெர்ஷனில் என்னுடையது போன்ற ஜிடிஎக்ஸ் 10 வரிசை அட்டைகளுக்கு இடமே இல்லை. கம்பைல் அழகாக முடிந்து, ஓட்டும்போதுதான் அடம்பிடித்தது. அதைக் கழற்றிவிட்டு 12 போட்டதும் வழிக்கு வந்தது. பழைய அட்டைக்காரர்கள் 12-ஐத் தாண்டாதீர்கள்.

அப்புறம் பாதைகள், அதாவது ஃபைல்களை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் சூழல் மாறிகள். ஹெடர் ஃபைல் கிடைக்கவில்லை என்றால் சிபாத் (CPATH), கம்பைலின் கடைசியில் லிங்கர் லைப்ரரி கிடைக்காமல் நின்றால் லைப்ரரி பாத் (LIBRARY_PATH), கம்பைல் முடிந்து ஓட்டும்போது லைப்ரரி காணோம் என்றால் எல்டி லைப்ரரி பாத் (LD_LIBRARY_PATH). மூன்றிலும் கூடா ஃபோல்டரைக் காட்டிவிடுங்கள். ஏஎம்டி, இன்டெல் அட்டை வைத்திருப்பவர்கள், பல நிறுவன அட்டைகளுக்கும் பொதுவான ஓப்பன்சிஎல் பேக்எண்டுக்குப் போகலாம். அட்டைகளைப் பட்டியலிடும் சிஎல்இன்ஃபோ (clinfo) கட்டளை, நிர்வாகி உரிமை தரும் சுடோ (sudo) போட்டால் மட்டும் அட்டையைக் காட்டுகிறது என்றால் உங்கள் பயனர் பெயரை ஜிபியுவைத் தொட அனுமதியுள்ள ரெண்டர் (render) குழுவில் சேர்த்து லாகவுட் செய்யுங்கள்.

இனி, ரிப்பேர் செய்ய முடியாதவை. ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைக்க முடியாது, லூப்தான் கதி. ஃபைலைத் திறப்பது, நெட்டில் பேசுவது எல்லாம் கிடையாது. வெளிவேலையை பைத்தானுக்கோ சிக்கோ விட்டு, கணக்கை மட்டும் இதனிடம் கொடுக்க வேண்டும். எனக்கு அதிகம் உறுத்தியது அரே (மதிப்புகளின் வரிசை) விஷயம். மாநகரப் பேருந்துகளின் நிறுத்தங்களை வழித்தடம் வாரியாக அரேக்குள் அரேயாக வைத்தேன். 21ஜி-க்கு ஒரு நீளம், சின்னப் பேருந்துக்கு வேறு நீளம், கம்பைலர் ஒப்புக்கொள்ளவே இல்லை. உள் அரேக்கள் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். எல்லா நிறுத்தங்களையும் ஒரே நீள வரிசையாக்கி, எந்த வழித்தடம் எங்கே தொடங்குகிறது என்று இன்னொரு அரேயில் குறித்துக்கொண்டேன். பார்க்க அசிங்கம், வேலை நடக்கிறது.

மெமரிக்கு முன்கூட்டியே மனக்கணக்கு போடுங்கள். 32 பிட் எண்கள் 100 கோடி என்றால் 4 ஜிபி. என் 6 ஜிபி அட்டையில் அப்படி இரண்டு அரே நிற்காது. 64 பிட் தசம எண்களும் இந்த அட்டையில் ஆமை வேகம்தான், 32 பிட்டோடு ஒப்பிட்டால் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. நிரல் தொடங்கும்போது கொஞ்சம் யோசிப்பதும் கோளாறு இல்லை. ஜிபியுவுக்கான நிரல் அப்போதுதான் கம்பைல் ஆகிறது, அதைச் சேமித்து வைக்கும் கேஷ் ஃபைல் ஆப்ஷன் கொடுத்தால் அடுத்த முறை குறையும்.

வேகத்தை ஃபுதார்க் பெஞ்ச் (futhark bench) என்ற அதன் சொந்தக் கட்டளை கொண்டு அளக்கும்போது ஒன்று: அக்னி நட்சத்திர மதியத்தில் அட்டை சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒப்பிட வேண்டிய இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டுங்கள், முடிந்தால் விடியற்காலையில்.