வருமான வரி விபரத்திரட்டு: காசில்லாத வேலையில் காசு போகும் இடங்கள்

இலங்கை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையச் சேவையில் விபரத்திரட்டை, அதாவது ஆண்டு வருமானத்தையும் வரியையும் காட்டும் படிவத்தை, அனுப்ப ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. வரி செலுத்துநரை அடையாளம் காட்டும் டின் (TIN) இலக்கம் எடுப்பதும் இலவசம்தான். அப்படியிருந்தும் நவம்பர் கடைசியில் அடையாள அட்டைப் பிரதியையும் இரகசிய பின் (PIN) இலக்கத்தையும் கொமினிகேஷன் கடையில் நீட்டுகிறவர்கள் உண்டு. பதியும்போது கடைக்காரர் தன் மின்னஞ்சலையே போட்டுவிட்டால், திணைக்களம் அனுப்பும் அறிவித்தல்கள் அவருக்குத்தான் போகும். தட்டச்சுக்கு ஆள் பிடிப்பதில் பிழையில்லை. ஆனால் மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் உங்களுடையதாக இருக்க வேண்டும், பின் இலக்கத்தை நீங்களே அடிக்க வேண்டும்.

கணக்கில் அதிகம் பிழைப்பது வட்டி. 2025 ஏப்ரல் 1 முதல் வங்கிகள் வைப்பு வட்டியில் 10% பிடிக்கின்றன. ஆண்டு வட்டி 2,00,000 என்றால் கையில் வருவது 1,80,000. பலர் இந்த 1,80,000ஐத்தான் எழுதுகிறார்கள். எழுத வேண்டியது 2,00,000. பிடித்த 20,000ஐ ஏற்கெனவே கட்டிய வரியாகக் கழிக்க வேண்டும். அதற்கு வங்கி தரும் வரிப்பிடிப்புச் சான்றிதழ் வேண்டும். பாஸ் புத்தகம் போதாது. மக்கள் வங்கியில் ஒன்று, இலங்கை வங்கியில் ஒன்று என்று வைப்பு இருந்தால் இரண்டு இடத்திலும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது வாடகை. கல்லடியில் ஒரு வீட்டை மாதம் 40,000க்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைப்போம். ஆண்டுக்கு 4,80,000. திருத்தம், பராமரிப்புக்கென்று இதில் 25% நிவாரணம் உண்டு. அதாவது 1,20,000 கழிந்து 3,60,000. இதைக் கோர மறந்தால் இல்லாத வருமானத்துக்கு வரி கட்டுவீர்கள். அதே உரிமையாளருக்கு ஆண்டுச் சம்பளம் 19,00,000 என்றால், வரியில்லாமல் விடப்படும் 18,00,000 தனிநபர் நிவாரணம் போக மீதி ஒரு இலட்சத்துக்கு 6% வீதம் 6,000ஐத் தொழில் வழங்குநர் பிடித்திருப்பார். வாடகையும் சேர்ந்தால் வரிக்குரியது 4,60,000, வரி 27,600. கட்ட மிச்சம் 21,600. ‘சம்பளத்தில் பிடிக்கிறார்கள்தானே’ என்று இருந்துவிடுவது இந்த இடத்தில்தான் காலை வாரும். சம்பளம் மட்டுமே உள்ளவருக்கு அது சரி, வாடகையும் வருகிறவருக்குச் சரியில்லை.

பழைய ஆண்டின் கணக்கை அப்படியே பார்த்து எழுதுவதும் ஆபத்து. 2024/25 வரை தனிநபர் நிவாரணம் 12,00,000 தான்.

திகதிகளையும் குழப்பிக்கொள்கிறார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையான மதிப்பீட்டு ஆண்டுக்கு மிச்ச வரியைக் கட்டக் கடைசி நாள் செப்டெம்பர் 30. விபரத்திரட்டுக்கு நவம்பர் 30. இரண்டையும் நவம்பரில் ஒன்றாக முடிக்கப் போனால், கட்டாத தொகைக்கு மாதம் 1.5% வட்டி ஏறியிருக்கும். விபரத்திரட்டே பிந்தினால் தண்டம் 4 இலட்சம் வரை போகலாம். கட்டும்போது வரி வகையையும் ஆண்டையும் பிழையாகத் தெரிவு செய்தால் பணம் வேறு ஆண்டின் கணக்கில் போய்க் கிடக்கும், இந்த ஆண்டு நிலுவையாகவே காட்டும்.

இணையத்தில் நிரப்பும்போது ‘சேமி’ வேறு, ‘சமர்ப்பி’ வேறு. சேமித்தது வெறும் வரைவு. சமர்ப்பித்ததற்கான ஒப்புகை திரையில் வரும் வரை வேலை முடியவில்லை. அதைப் பிடிஎஃப் ஆக எடுத்து, சான்றிதழ்களோடு ஐந்து ஆண்டு வைத்திருங்கள். சொத்து, பொறுப்பு விபரப் பகுதியை வெறுமையாக விடுவதும் நல்லதல்ல. இடையில் தடக்கினால் 1944க்கு அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

வட்டியை நம்பியிருக்கும் ஓய்வூதியர்களுக்கு ஒன்று. எல்லா வருமானமும் சேர்த்து ஆண்டுக்கு 18 இலட்சத்தைத் தாண்டாது என்றால், டின் இலக்கத்தோடு சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்து 10% பிடிப்பையே நிறுத்தலாம். ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள் என்றால் விபரத்திரட்டு அனுப்பித்தான் திரும்பக் கேட்க வேண்டும்.