நண்பர் வீட்டில் ஒரு சனி, ஞாயிறு: எழுதவும் வரையவும் விஷயம் தேடுவது எப்படி? (நெல்லைப் பக்கம் போகிறவர்களுக்கு)

எழுத வேண்டும், வரைய வேண்டும் என்று ஆசை இருக்கிறது, ஆனால் உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை என்கிற புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருநெல்வேலி, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நண்பர் இருந்து, சனி, ஞாயிறு அவர் வீட்டில் தங்க முடிந்தால் போதும். ஊர்க்காரருக்கு ஊர் பழகிப்போயிருக்கும், அதனால் பாதி விஷயம் அவர் கண்ணில் படாது. உங்களுக்குக் கண்ணில் படும், ஆனால் அதன் கதை தெரியாது. உங்கள் கண்ணையும் அவர் வாயையும் சேர்த்து வைப்பதுதான் இங்கே மொத்த வேலையும்.

1. கிளம்பும் முன் ஒரு போன்

"ஊர் சுத்திக் காட்ட வேண்டாம், சனிக்கிழமை வழக்கமா நீ எங்கெல்லாம் போவியோ அங்கெல்லாம் நானும் வாரேன்" என்று சொல்லிவிடுங்கள். நண்பர் கேட்க மாட்டார். நெல்லையப்பர் கோயில், அகஸ்தியர் அருவி, மணிமுத்தாறு, குற்றாலம் என்று அன்போடு பெரிய பட்டியல் போடுவார். அதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடுத்த தடவைக்குத் தள்ளுங்கள். ஓடி ஓடி நாலு இடம் பார்த்தால் போட்டோ நிறைய சேரும், எழுத எதுவும் தங்காது.

சட்டைப்பையில் அடங்குகிற ஒரு நோட்டு, ஒரு பென்சில். அவ்வளவுதான் சாமான்.

2. ரயிலில் கையைப் பழக்குங்கள்

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை போகிற பாசஞ்சரில் ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று வண்டி நின்று நின்று போகும், மலை கிட்டே வந்துகொண்டே இருக்கும். ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒரே நிபந்தனை: "அழகான வயல்", "பசுமையான காட்சி" என்று எழுதக்கூடாது. வயலில் யார் என்ன செய்கிறார் என்று எழுத வேண்டும். தார் கனத்தில் சாயப்போகிற வாழைக்குக் கம்பு முட்டுக் கொடுக்கிறார் ஒருவர் என்று எழுதினால் அதிலிருந்து ஒரு கதை கிளம்பலாம். பசுமை என்று எழுதினால் அது அங்கேயே முடிந்துவிடும்.

3. அடுக்களையில் நில்லுங்கள்

விருந்தாளி என்று உங்களைத் தார்சாவில் (வீட்டு முன்கூடத்தில்) உட்கார வைத்து காபி கொடுப்பார்கள். குடித்துவிட்டு அடுக்களைப் பக்கம் போய், "அம்மா, தேங்காய் நான் திருவட்டுமா?" என்று கேளுங்கள். வேலை செய்கிற கையோடு பேசுகிறவர்கள் வேறு மாதிரி பேசுவார்கள், இது நான் உறுதியாக நம்புகிற விஷயம்.

அன்றைக்குச் சொதி வைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். தேங்காயை மூன்று தடவை பிழிந்து மூன்று பாலையும் தனித்தனியாக வைப்பார்கள். தண்ணீர்ப்பாலில் காய் வேகும், வெந்த பாசிப்பருப்பு சேரும், கெட்டியான முதல் பால் கடைசியில்தான் போகும், போனதும் கொதிக்க விடாமல் இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் திரிந்துவிடும். எலுமிச்சம்பழம் இறக்கிய பிறகு. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். இதைச் சமையல் குறிப்பாக எழுதாதீர்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் வைக்கிற குழம்பு இது, அதனால் "உங்க கல்யாணத்துல சொதி யாரு வச்சாங்கம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். யார் கோபித்துக்கொண்டு போனார்கள், யார் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று ஒரு குடும்பமே இறங்கி வரும். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன மாதிரியே குறியுங்கள். "வந்துட்டு" என்றால் "வந்துவிட்டது" என்று திருத்த வேண்டாம்.

4. ஒரே இடத்தில் ஒரு மணி நேரம்

சனி மத்தியானத்துக்கு நான் சொல்கிற இடம் பத்தமடை. தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்கிற பாய்க்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாப்பிள்ளை, பொண்ணு பேரை நெய்து கொடுக்கிற கல்யாணப் பாயும் இங்கேதான். நெய்கிற வீட்டில் நண்பரை விட்டு அனுமதி கேட்கச் சொல்லுங்கள், போனைப் பைக்குள் போடுங்கள்.

முதல் பத்து நிமிஷம் சும்மா பாருங்கள். அப்புறம் ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோரையை எடுத்து விரலால் தடவிப் பாருங்கள், ஊறவைத்துக் கீறிக் காயவைத்தது எவ்வளவு மெல்லிசு என்று தெரியும். பாவு நூல் தரையோடு நீளமாக இழுத்துக் கட்டியிருக்கும், அதன் குறுக்கே கோரை ஒவ்வொன்றாகப் போகும், போனதும் அச்சால் ஒரு தட்டு. அந்தத் தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் என்ன சத்தம் கேட்கிறது? நெய்கிற அக்கா எப்போது நிமிர்கிறார்? வரைகிறவர்கள் முகத்தை விட்டுவிட்டு கையை மட்டும் வரையுங்கள். ஒரு மணி நேரம் அலுக்கும். அலுத்த பிறகு கண்ணில் படுவதுதான் பெரும்பாலும் உங்களுக்கே உரியதாக இருக்கும், அதனால் நடுவில் எழுந்துவிடாதீர்கள்.

5. கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"உங்க ஊர்ல என்ன விசேஷம்?" என்று கேட்டால் அல்வா என்பார்கள். (அல்வா சாப்பிடுங்கள், அதைப் பற்றி எழுத ஏற்கெனவே ஆட்கள் ஏராளம்.) திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில் இருக்கிற குறுக்குத்துறை படித்துறையில் உட்கார்ந்து, ஆற்றுக்குள்ளேயே நிற்கிற முருகன் கோயிலைக் காட்டி, "2023 டிசம்பர் வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். கை தானாகச் சுவரில் ஒரு உயரத்தைக் காட்டும். அப்புறம் எதை முதலில் மச்சுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேளுங்கள். மிக்ஸியா, பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டா, ஆச்சியா? அந்த மழையில் வீடு வாசல் இழந்தவர்கள் இருக்கிறார்கள், ஆகவே பதில் சொல்லத் தயங்கினால் அதோடு விட்டுவிடுங்கள்.

6. சனி ராத்திரி

தூங்குமுன் கால்மணி நேரம். நோட்டைப் பார்க்காமல், அன்றைக்கு நடந்ததில் எது முதலில் ஞாபகம் வருகிறதோ அதை எழுதுங்கள். அதுதான் உங்கள் விஷயம். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

7. ஞாயிறு, வண்டி ஏறுவதற்குள்

ஊருக்குப் போய் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரு பக்கமோ, ஒரு கோட்டோவியமோ, எட்டு வரிக் கவிதையோ அங்கேயே முடித்து நண்பருக்கு வாசித்துக் காட்டுங்கள். "அது வாய்க்கால் இல்லல, கால்வாய்" என்று திருத்துவார், கூடவே நீங்கள் கேட்காத இன்னொரு கதையும் சொல்வார். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டு விஷயம் எழுதினால் பேரை மாற்றுங்கள், வெளியே போடும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

திங்கட்கிழமை உங்கள் வேலை உங்களை இழுத்துக்கொள்ளும். அதனால் புதன்கிழமைக்குள் நோட்டை ஒரு தடவை படித்து, விட்டுப்போன கேள்வி ஒன்றைக் கண்டுபிடித்து நண்பருக்குப் போன் போடுங்கள். அம்மாவிடமும் கொடுக்கச் சொல்லுங்கள்.