பாட்டு வாத்தியார் தாத்தாவைத் தேடும்போது செய்யக் கூடாத தவறுகள்

என் அம்மாவின் அப்பா நீடாமங்கலம் பக்கத்தில் பாட்டு வாத்தியார். கச்சேரி வித்வான் இல்லை. நாலு ஊருக்கு சைக்கிளில் போய் வீடு வீடாகச் சொல்லிக்கொடுத்தவர். அவரைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. ஜாதகக் கட்டு, கல்யாணப் பத்திரிகைகள், மொய் நோட்டு, சம்பளக் கணக்கு, பாட்டு நோட்டு, இவ்வளவுதான் எங்களிடம் மிஞ்சியவை. இவற்றை வைத்து அவர் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தபோது நான் தப்பாகப் போன இடங்களைச் சொல்கிறேன். டெல்டாவில் தங்கள் வீட்டு வாத்தியாரைத் தேடுகிறவர்களுக்கு உதவும்.

முதலில் வருஷக் கணக்கு. தாத்தாவின் ஜாதகத்தில் சோபகிருது வருஷம், மாசி மாதம் என்று இருந்தது. சோபகிருது என்றால் 1903 என்று குறித்துக்கொண்டேன். தவறு. தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. மாசி வருவதற்குள் ஆங்கில வருஷம் மாறிவிடும். தாத்தா பிறந்தது 1904இல். தியாகராஜ சுவாமிகள் சித்தியடைந்ததும் இப்படித்தான். பராபவ வருஷம் தொடங்கியது 1846இல், ஆனால் அந்தப் புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாள், வந்தது 1847 ஜனவரி 6 அன்று. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதும் நினைவிருக்கட்டும். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் குடும்பங்களில் ஒரே பெயர், ஒரே வருஷப் பெயர், ஆனால் ஆள் வேறு என்று ஆகிவிடும்.

நாள் கணக்கிலும் ஒரு வழுக்கல் உண்டு. ஜாதகத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. உதயாதி நாழிகை (உதயத்திலிருந்து எண்ணும் நாழிகை) 54 என்று இருந்தால், ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம் வீதம் அது மறுநாள் விடியற்காலை மூன்றரை மணிவாக்கில் வரும். ஜாதகத்தில் திங்கள், ஆங்கிலத் தேதியில் செவ்வாய். பள்ளிக்கூடச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கை தலையைச் சுற்றிக் காதைத் தொட்டால் சேர்த்துக்கொண்ட காலம் அது. இரண்டும் முரண்பட்டால் நான் ஜாதகத்தைத்தான் நம்புவேன்.

அடுத்தது, பெயருக்கு முன்னால் உள்ள ஊரைப் பிறந்த ஊர் என்று நினைத்துக்கொள்வது. பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர் பிறந்தது செம்மங்குடியில் அல்ல, மாமா வீடு இருந்த திருக்கோடிக்காவலில். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிற வழக்கத்தில் மூத்த பிள்ளையின் பிறப்பு அம்மா வழி ஊரில்தான் பதிவாகியிருக்கும். பழைய பிறப்புப் பதிவுகள் பலவற்றில் குழந்தையின் பெயரே இருக்காது. 'ஆண்' என்றும் அப்பா பெயரும் மட்டும் இருக்கும். ஆகவே அப்பா பெயரை வைத்துத் தேடுங்கள். 'தஞ்சை ஜில்லா' என்று இருந்தால் இன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். நாகப்பட்டினம் 1991இல் பிரிந்தது, திருவாரூர் 1997இல், மயிலாடுதுறை 2020இல். காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்ததால் அங்கே பழைய பதிவுகள் பிரெஞ்சில் இருக்கும்.

இனிஷியலையும் அப்பாவினுடையது என்று முடிவுகட்ட வேண்டாம். கோயில் சேவையில் இருந்த குடும்பங்களில் அம்மாவின் பெயரே முதலெழுத்தாக இருந்தது. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்ததற்கு முன்னும் பின்னும் பெயரை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. அந்த வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேருக்கு குருவாக இருந்திருக்கிறார்கள். அவர்களை மறைத்து எழுதினால் அது வரலாறு ஆகாது.

சம்பளக் கணக்கில் '3-8-0' என்று பார்த்ததும் தேதி என்று நினைத்தேன். மூன்று ரூபாய் எட்டணா. நயா பைசா 1957 ஏப்ரலில்தான் வந்தது, அதுவரை ரூபாய்-அணா-பைதான். தமிழ் எண்களில் எழுதியிருந்தால் 'அ' போலத் தெரிவது எட்டு, 'எ' போலத் தெரிவது ஏழு. பக்கத்தின் உச்சியில் தனியாக நிற்கும் 'உ' மட்டும் இரண்டு அல்ல, பிள்ளையார் சுழி.

பாட்டு நோட்டில் இருப்பதெல்லாம் தாத்தா இயற்றியது என்று மாமா சொன்னார். சாகித்தியத்தின் கடைசி வரிகளைப் பாருங்கள். 'தியாகராஜ' என்றோ 'குருகுஹ' என்றோ 'சியாம கிருஷ்ண' என்றோ முத்திரை, அதாவது இயற்றியவரின் அடையாளச் சொல், வந்தால், பெரும்பாலும் சங்கீத மும்மூர்த்திகளான தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகியோரில் ஒருவருடையது. கல்யாணப் பத்திரிகையில் 'சங்கீத வித்வான்' என்று மரியாதைக்காகவும் போடுவார்கள். 'சங்கீத பூஷணம்' என்றால் விசாரியுங்கள். அது அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கொடுத்த பட்டம். சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கியதே 1929இல்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, சொந்த வீட்டுப் பரணோடு தேடலை நிறுத்துவது. வாத்தியார் தன் வீட்டில் எழுதிவைத்தது கொஞ்சம், சிஷ்யைகள் வீட்டில் எழுதிக்கொடுத்ததுதான் அதிகம். மொய் நோட்டில் ஊரும் பேரும் இருக்கும். அதை வைத்துத்தான் ஓர் அம்மாவைக் கண்டுபிடித்தேன். எண்பது தாண்டியவர். சரளி வரிசை, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று தாத்தா கையெழுத்திலேயே ஒரு நோட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் தேதியோடு. நந்தன வருஷம் கார்த்திகையில் பாடம் நின்று தையில்தான் மறுபடி தொடங்கியிருந்தது.

அந்த வருஷம் தாத்தா யாரிடமோ கோபித்துக்கொண்டு பாட்டையே விட்டுவிட்டார் என்பது எங்கள் வீட்டுக் கதை. அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"கோபமா? புயல் தம்பி அது. எங்க வீட்டு ஓடு பூரா போச்சு, வாத்தியார் வீட்டுக் கூரையும் போச்சு. பொங்கல் கழிச்சுத்தான் வந்தாரு."

1952 நவம்பர் 30 புயல். எழுபது வருஷமாக ஒரு மனுஷனுக்கு இல்லாத கோபத்தை நாங்கள் ஏற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

நோட்டை இரவல் கேட்காதீர்கள்; ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். லாமினேஷன் வேண்டவே வேண்டாம். முதல் தடவை நான் பக்கங்களை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நோட்டில் ஸ்வரம் இருக்கிறது, அதை அசைத்துப் பாடும் கமகம் இல்லை. அப்புறம் மறுபடி போய், பாடச் சொல்லிப் பதிவு செய்தேன். வர்ணத்தின் சரணத்தில் ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்க தப்பினா வாத்தியார் ஒண்ணும் சொல்லமாட்டாரு, தாளத்த மட்டும் நிறுத்திடுவாரு" என்றார். பிறகு அந்த வரியை முதலிலிருந்து பாடினார்.